குரல்பதிவு அனுப்பக் கூடாது

உங்கள் கேள்வி ஒழுங்காகக் கேட்கப்பட்ட கேள்வி. முகத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் குழுவுக்கு வருகிறவர்களில் அநேகம் பேருக்கு இப்படிக் கேட்க வராது. நீங்கள் யார் என்று சொல்லியிருக்கிறீர்கள். எந்த நாளைப் பற்றிக் கேட்கிறீர்கள், முதலில் யார் யாரிடம் விசாரித்தீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வரிசையாக இருக்கிறது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு அம்மா குழுவில் போட்ட குரல்பதிவில் என்ன இருந்தது, அதை ஏன் அழித்தீர்கள்? பொலிசுக்குப் போகிற எண்ணம் இல்லை, தெரிந்தால் போதும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது தேவையில்லாத வரி. ஆனாலும் பரவாயில்லை.

உங்கள் அப்பா தியாகராசா ஐயா அரியாலை வீட்டில் இறந்தது கார்த்திகை மழை நாளொன்றில். மரம் விழுந்து மின்சாரம் போயிருந்தது. அவருக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த ஒட்சிசன் மெசின், நீங்கள் கனடாவிலிருந்து ஏற்பாடு செய்து பூட்டிக் கொடுத்த இன்வேட்டரில் ஓடியது. இன்வேட்டர் நின்றது. அம்மா எங்கள் குழுவில் உதவி கேட்டார், கிடைக்கவில்லை. இவ்வளவும் ஊருக்குத் தெரியும். மிச்சம் எனக்கு மட்டும் தெரியும்.

முதலில் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள். கூரையில் சோலர் தகடும் வீட்டில் பற்றரியும் வைத்திருக்கிறவர்களுக்கு உதவுவதற்காக நான் தொடங்கிய வட்ஸ்அப் குழு அது. கொழும்பில் ஒரு தொலைபேசிக் கம்பனியின் உதவிப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் நான். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யார் எவ்வளவு ஏசினாலும் 'உங்களுக்கு வேறு என்ன உதவி வேண்டும்' என்று கேட்கிற வேலை. அதை விட்டுச் சண்டிலிப்பாய்க்கு வந்தபிறகு, ஒருவரும் கேட்காமலே இந்தச் சேவையைத் தலையில் போட்டுக்கொண்டேன். சம்பளம் இல்லை. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்கிறவர்களும் குறைவு.

ஆரம்பத்தில் குழு சந்தைக்கடை மாதிரி இருந்தது. விடிந்தால் பூப்படத்தோடு காலை வணக்கம். பிறகு கோயில் கொடியேற்றம், மரண அறிவித்தல், தொலைந்துபோன ஆட்டுக்கடா. இவற்றுக்கு நடுவே ஒருவர் 'இன்வேட்டர் வேலை செய்யேல்லை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். எந்த இன்வேட்டர், என்ன காட்டுகிறது, ஒன்றும் இல்லை. பருத்தித்துறையிலிருந்து ஆழ்வாப்பிள்ளை என்றொருவர் 'ஒரு சின்னக் கேள்வி கேக்கலாமோ' என்று போட்டார். கேளுங்கள் என்றேன். 'கரைச்சல் இல்லையே' என்றார். இல்லை என்றேன். 'நீங்கள் இப்ப சாப்பிடுற நேரமோ தெரியாது' என்றார். அந்தக் கேள்வி இன்றுவரை வரவில்லை. கேள்வி கேட்கலாமா என்று கேட்பதைப் போல என்னை எரிச்சற்படுத்துகிற விசயம் உலகத்தில் வேறில்லை.

ஆகவே விதிகள் எழுதினேன். வணக்கம் சொல்லிவிட்டுக் காத்திருக்கக் கூடாது, கேள்வியை உடனே கேட்க வேண்டும். மாதிரி என்ன, திரையில் என்ன காட்டுகிறது, அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்பதை எழுத வேண்டும். படத்தை மட்டும் எறிந்துவிட்டுப் போகக் கூடாது. அவசரம் என்று எழுதக் கூடாது, எல்லாருக்கும் தங்கடை தங்கடை பிரச்சினை அவசரம்தான். உதவுகிறவர்களைத் தனியாகத் தொடர்புகொள்ளக் கூடாது. குரல்பதிவு அனுப்பக் கூடாது. பதில் கிடைத்தால் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். உதவுகிறவர்களுக்கும் ஒரு விதி வைத்தேன்: ஒழுங்காகக் கேட்காதவர்களுக்குப் பதில் சொல்லிப் பழக்கக் கூடாது.

இவை நல்ல விதிகள். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அம்மாவை நீங்கள்தான் குழுவில் சேர்த்துவிட்டீர்கள். சேர்த்தபோது விதிகளை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை என்று நினைக்கிறேன். குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று காலையில் அவர் போட்ட முதல் செய்தி இது.

'வணக்கம் பிள்ளையள். எல்லாரும் சுகமா இருக்கிறியளோ? மழை உங்கடை பக்கமும் பெய்யுதோ? ஆராவது நிக்கிறியளோ?'

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான் அப்போது கைபேசியோடுதான் இருந்தேன், மழையில் தோட்டத்துக்குப் போக முடியாத நாள். அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு நன்றாக விளங்கியது. நானும் இந்த ஊர் ஆள்தானே. ஒரு வீட்டுக்கு அலுவலாகப் போனால் படலையில் நின்று கூப்பிடுவோம், உள்ளேயிருந்து குரல் வரும்வரை நிற்போம். வந்ததும் வராததுமாக அலுவலைச் சொல்வது மரியாதையில்லை. அம்மா படலையில் நின்றார். நிற்கிறார் என்று தெரிந்துகொண்டே நான் குரல் கொடுக்கவில்லை.

சிறிது நேரத்தில் மறுபடியும் எழுதினார். 'ஒரு உதவி கேக்கலாமோ? கரைச்சலுக்கு மன்னியுங்கோ.'

விதிகளை எடுத்துப் போட்டேன். வாசித்துவிட்டு ஒழுங்காகக் கேளுங்கள், பதில் வரும் என்று கீழே எழுதினேன். 'ஓம் தம்பி, வாசிக்கிறன்' என்றார். வாசித்தார் என்றுதான் நம்புகிறேன். விதிகள் கொஞ்சம் நீளம்.

பிறகு ஒரு படம் வந்தது. இன்வேட்டரின் முகப்பு, சரிந்து, பாதி இருட்டாக. எழுத்து ஒன்றும் இல்லை. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். சிவப்பு விளக்கும் ஏழாம் இலக்கமும் தெரிந்தன. ஏழு என்றால் தாங்கக்கூடியதைவிடக் கூடிய பாரம். கேத்தில், இஸ்திரிப்பெட்டி, சோற்றுக் குக்கர் என்று எதையாவது கொழுவினால் வரும். இரண்டு மூன்று தரம் அப்படி நின்றால் பிறகு தானாக வராது. பாரமானதைக் கழற்றிவிட்டு, அடியில் இருக்கிற சுவிச்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் செய்யலாம். பார்த்த உடனேயே எனக்குப் பதில் தெரியும்.

நான் எழுதியது, 'படம் மட்டும் போடக் கூடாது. மாதிரி, இலக்கம், நடந்தது ஆகியவற்றை எழுத்தில் தரவும்.' படத்தை அழித்தேன்.

ஆனால் அதற்குள் றெஜி பார்த்துவிட்டான். றெஜி நெல்லியடியில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறவன். கெட்டிக்காரன், ஆனால் ஒழுங்கு கிடையாது. கேட்டவர், கேளாதவர் எல்லாருக்கும் பதில் சொல்லுவான், இடையில் பகிடி விடுவான், அரைவாசிப் பேர் அவனுக்காகத்தான் குழுவில் இருந்தார்கள். எனக்கு அது தெரியும். அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் போட்டது, 'அம்மா பயப்பிடாதேங்கோ. பாரமான சாமான் ஏதும் கொழுவியிருந்தாக் கழட்டிப்போட்டு, அடியில இருக்கிற சுவிச்சை ஓஃப் பண்ணி, கொஞ்சம் பொறுத்து ஓன் பண்ணுங்கோ. வரும்.'

சரியான பதில். அதை அழித்தேன்.

குழுத் தலைவருக்கு அந்த வசதி உண்டு. யார் போட்டதையும் எல்லாருடைய கைபேசியிலிருந்தும் எடுத்துவிடலாம். அழித்ததற்குக் காரணமும் எழுதினேன்: 'ஒழுங்காகக் கேட்காதவர்களுக்குப் பதில் சொல்லிப் பழக்க வேண்டாம்.' அதை எழுதும்போது எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது. றெஜியைப் பலருக்கு முன்னால் திருத்துவதற்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது, கிடைத்தது.

அம்மா எழுதினார், 'ஏதோ வந்து மறைஞ்சு போச்சுது தம்பி. வாசிக்க முந்திப் போட்டுது. திருப்பிப் போடுவியளோ?'

நான் பதில் போடவில்லை. அவர் எழுதத் தொடங்குவதும் நிறுத்துவதும் மேலே தெரிந்தது. எழுதுகிறார் என்று காட்டும், பிறகு இல்லை. மறுபடியும் காட்டும். பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுங்காக எழுதப் பழகுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு அந்தக் குரல்பதிவு வந்தது.

குரல்பதிவுகளை நான் கேட்பதில்லை. குழுவில் ஒருவரும் கேட்பதில்லை, அந்த அளவுக்குப் பழக்கியிருந்தேன். அதையும் கேட்காமல்தான் அழித்தேன் என்று, பிறகு விசாரித்த உங்கள் மாமாவிடம் சொன்னேன். றெஜியிடமும் சொன்னேன். அழித்தபிறகு குழுவைப் பூட்டினேன். பூட்டினால் தலைவரைத் தவிர வேறு ஒருவரும் எழுத முடியாது. 'அமைதி தேவை. குழு பின்னேரம் திறக்கும்' என்று போட்டேன்.

உடனே றெஜி கோல் எடுத்தான். கடையில் ஆட்கள் நிற்கிற சத்தம் கேட்டது.

"அண்ணை, என்ன விளையாட்டு இது? அந்த அம்மாவுக்குப் போட்ட பதிலை ஏன் அழிச்சனீங்கள்?"

"அவ ஒழுங்காக் கேக்கேல்லை."

"வயசு போன மனுசி அண்ணை. லைற் இல்லாமல் இருட்டுக்குள்ள இருக்கிறாபோல. நான் அவவின்ரை நம்பருக்கு எடுத்து ஒருக்காச் சொல்லிப்போட்டு வைக்கிறன்."

"தனியத் தொடர்புகொள்ளக் கூடாது எண்டு விதி இருக்கு."

"உங்கடை விதி. ஏதோ வொய்ஸும் போட்டவ, கேக்க முந்திக் காணேல்லை. அதில என்ன சொன்னவ?"

"தெரியாது. நான் கேக்கேல்லை. நீ கடையைப் பார், றெஜி. அவவை நான் பாத்துக்கொள்ளுறன்."

"கட்டாயம் பாப்பியளோ?"

"பாக்கிறன் எண்டு சொல்லுறன்தானே."

"சரி அண்ணை. உங்களை நம்பி விடுறன்."

அவன் என்னை நம்பியது எனக்குப் பிடித்திருந்தது. அவனிடம் அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். சொல்லவில்லை.

நான் கல் மனசுக்காரன் இல்லை. கைபேசியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தேன். தேத்தண்ணி வைத்தேன், குடிக்க முடியவில்லை. பிறகு இருந்து அம்மாவுக்கு ஒரு பதில் எழுதினேன். நல்ல பதில். றெஜியினுடையதைவிடத் தெளிவானது, படிப்படியாக, சுவிச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூட இருந்தது. கடைசியில் பயப்பட வேண்டாம் என்றும் எழுதினேன். அனுப்புகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன்.

அனுப்ப முடியவில்லை. இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. அனுப்பினால், இவ்வளவு நேரமும் பதில் தெரிந்துகொண்டே சும்மா இருந்தேன் என்று ஆகிவிடும். றெஜியின் பதிலை அழித்துவிட்டு அதையே நான் போட்டதாகவும் ஆகிவிடும். ஒவ்வொரு நிமிடமும் பிந்தப் பிந்த, அனுப்புவது இன்னும் வெட்கமாகிக்கொண்டு போனது. வெளியே மழை ஊற்றியது. நான் பயந்துபோய் இருந்தேன், தங்கச்சி. ஒரு விரலை அசைக்க முடியாமல் ஒரு மனிசன் இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அந்தப் பதில் இன்னமும் அனுப்பாமல் குழுவின் எழுதுகிற பெட்டிக்குள் கிடக்கிறது. குழுவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் அதுதான் கண்ணில் படும்.

பின்னேரம், சொன்னபடி, குழுவைத் திறந்தேன். முதலில் வந்தது உங்கள் அயலில் இருக்கிற லவீனா போட்ட மரண அறிவித்தல். மரண அறிவித்தல் போடுவதும் விதிக்குப் புறம்பு. அதை நான் அழிக்கவில்லை.

செத்தவீட்டுக்குப் போனேன். நீங்கள் அப்போது விமானத்தில் வந்துகொண்டிருந்தீர்கள், அதனால் என்னைக் கண்டிருக்க மாட்டீர்கள். குழுவில் இருக்கிற ஒருவர் வீட்டில் ஒரு சாவு என்றால் போகாமல் இருப்பது மரியாதையில்லை. முற்றத்தில் தறப்பாள் கட்டி, பிளாஸ்டிக் கதிரைகள் வெள்ளத்துக்குள் போட்டிருந்தார்கள். ஆம்புலன்சுக்கு அம்மா பிந்தித்தான் போன் அடித்தார் என்றும், அது விழுந்த மரத்தைச் சுற்றி வர இன்னும் பிந்தியது என்றும் அங்கே கதைத்தார்கள். ஏன் பிந்தி அடித்தார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய் அம்மாவிடம் நான் யார் என்று சொன்னேன். என் கையைப் பிடித்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன், ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

"நீங்களோ தம்பி அது? மழைக்குள்ள இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள். எனக்கு ஒழுங்காக் கேக்கத் தெரியேல்லை, தம்பி. நீங்கள் சொன்ன மாதிரி எழுதியிருந்தா அவர் இருந்திருப்பார். உங்கள் எல்லாருக்கும் கரைச்சல் தந்திட்டன்."

"பரவாயில்லை அம்மா" என்று சொன்னேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று வெளியே வந்தபிறகு தோன்றியது. திரும்பிப் போய் மாற்றிச் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தைகளைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு இலேசாகியது. பிழை தன்னுடையது என்று அவரே சொல்கிறார் என்று இருந்தது. அன்று இரவு நித்திரையும் வந்தது.

றெஜிக்கு மட்டும் திருப்தியில்லை. "பாத்துக்கொள்ளுறன் எண்டு சொன்னீங்களே அண்ணை" என்று ஒரு தரம் கேட்டான். பிறகு குழுவை விட்டுப் போய்விட்டான், போய்த் தனக்கொரு குழு தொடங்கினான். ஆழ்வாப்பிள்ளை, காலை வணக்கக்காரர், ஆட்டுக்கடாக்காரர் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். அங்கே வணக்கம் சொன்னால் பத்துப் பேர் வணக்கம் சொல்லுகிறார்களாம். எங்கள் குழு இப்போது மிகவும் ஒழுங்காக இருக்கிறது. கேள்விகள்தான் வருவதில்லை. உங்களுடையதுதான் நெடுநாளைக்குப் பிறகு வந்தது.

அதற்கு வருகிறேன். அன்று குரல்பதிவில் தான் என்ன சொன்னார் என்று அம்மாவுக்கு ஞாபகமில்லை, வாயில் வந்ததைச் சொன்னாராம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் அதை நான் கேட்டேன். வந்த உடனேயே, முழுதாகக் கேட்டேன். கேட்டு முடித்தபிறகுதான் அழித்தேன்.

இதுதான் அதில் இருந்தது.

'தம்பி, நான் அரியாலையில இருந்து குணலட்சுமி கதைக்கிறன். எழுதத் தெரியாமலில்லை, கை நடுங்குது. இஞ்சை கரண்ட் இல்லை. மகள் பூட்டித் தந்த இன்வேட்டரிலதான் இவரின்ரை ஒட்சிசன் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. இவருக்குச் சுடுதண்ணி வைப்பமெண்டு கேத்திலைக் கொழுவினன், நிண்டிட்டுது. ரண்டு மூண்டு தரம் தானா வந்து வந்து நிண்டது, இப்ப வரவே மாட்டனெண்டுது. சிவப்பு லைற் எரியுது, ஏழு எண்டு காட்டுது. கேத்திலையும் கழட்டிப்போட்டன். இவரைச் சின்னச் சிலிண்டரில விட்டிருக்கிறன், அதின்ரை முள்ளும் சிவப்புக்கு வந்திட்டுது. என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ. இல்லை, இது சரிவராது எண்டால் அதையெண்டாலும் சொல்லுங்கோ தம்பி, நான் ஆம்புலன்சுக்கு அடிக்கிறன். உங்கடை சொல்லுக்குத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.'

அதற்குப் பின்னால் இன்னொரு குரல் இருந்தது. மூச்சு வாங்கி வாங்கி, மெதுவாக. அப்பாவினுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

'விடும் குணம். அவையைக் கரைச்சல் படுத்தாதையும்.'

அங்கே முடிகிறது. மற்றவர்கள் அதைக் கேட்டால், நான் இவ்வளவு நேரமும் யாரைப் படலையில் நிற்க வைத்தேன் என்று தெரிந்துவிடும். அதனால் அழித்தேன். குழுவைப் பூட்டியதும் அதற்காகத்தான்.

இதை எழுதும்போது மறுபடியும் நினைத்துப் பார்த்தேன். கருவி எது, என்ன காட்டியது, என்ன செய்தபோது நின்றது, என்ன செய்து பார்த்தார், என்ன வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. எங்கள் குழுவுக்கு வந்த கேள்விகளில் இவ்வளவு ஒழுங்கான கேள்வியை நான் கண்டதில்லை. எழுத்தில் மட்டும் இருந்திருந்தால் அப்போதே பதில் சொல்லியிருப்பேன்.

உங்களுடையது எழுத்தில் வந்தது, அதனால் பதில் சொல்லியிருக்கிறேன். வாசித்து முடித்ததும் 'கிடைத்தது' என்று ஒரு சொல் போட்டுவிடுங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.